பேய்த் தொடரில் ஒரு ஜெபம்

அன்புள்ள அப்பாவுக்கு, வான்கூவரிலிருந்து லியோனா. முழங்கால் வலி குறைந்ததா? நின்று பிரசங்கம் செய்ய முடிகிறதா?

ஒரு பேய்த் தொடரில் நடிக்கிறேன். பேய் பிடித்த மகளுக்காக ஜெபிக்கும் தாய் வேடம். நேற்று படப்பிடிப்பில், அம்மா சாகும்போது நீங்கள் செய்த ஜெபத்தையே சொல்லி நிஜமாகவே அழுதுவிட்டேன்.

இயக்குநர் ராய்ஸ் சிரித்தார். "ஏம்மா, ஆண்டவரே இறங்கி வந்துடுவாரு போலிருக்கே! நம்ம கதையில அவரு வரவே மாட்டாரு. ஹீரோதான் துப்பாக்கியோட வருவான். நம்பிக்கையே இல்லாம கெஞ்சு."

எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். அவர் கேட்டபடியே கெஞ்சினேன். கைதட்டினார்கள்.

இப்போது அறையில் தனியாக மண்டியிட்டாலும் நம்பிக்கையில்லாத அந்தக் குரல்தான் வருகிறது, அப்பா.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் செய்து எனக்காக ஜெபியுங்கள். நான் ஒன்றும் பேசாவிட்டாலும் வைத்துவிடாதீர்கள்.

படப்பிடிப்புக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் லியோனா