அட்டைப்படம் முதலில், கதை பிறகு

அன்புள்ள ஓவியச் சக்கரவர்த்திக்கு,

சக்கரவர்த்தி என்றதும் மீசையை முறுக்காதே. கண்காட்சி வாசலில் உன் பெயருக்கு முன்னால் அப்படித்தான் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். என் பெயர் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நானும் என் மனைவியும் நலம். நீ நலமில்லை என்று உன் மகள் போனில் சொன்னாள். இதயத்தில் அடைப்பாம். டாக்டர் சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்கிறாராம். நீயோ, "வாழ்ந்த வரைக்கும் போதும், என்னை யாரும் அறுக்க வேணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயாம். அடேய், வாராவாரம் என்னோடு பேசுகிறாயே! பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னாய். அதில் ஒன்றுக்கு வால் மட்டும் கறுப்பு என்பது வரைக்கும் சொன்னாய். இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. போனில் திட்டினால் 'லைன் சரியில்லை' என்று வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தைக் கீழே வைத்தாலும் அது அங்கேயே கிடந்து முறைக்கும்.

உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன். முதலில் கண்காட்சிச் செய்தி.

நீ வரைந்து நான் எழுதிய நம் காமிக்ஸ்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்த நாலைந்து பைத்தியங்கள் சேர்ந்து, நூலக மாடியில் நடத்தினார்கள். உன் மகள் அனுப்பிய அட்டைகளின் மூலப் படங்களைச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார்கள். எரிமலைக் கோட்டைப் படத்தின் முன்னால் போய் நின்றவன், நின்றவன்தான். அச்சில் அந்தச் சிவப்பு எப்போதும் செங்கல் தூள் மாதிரிதான் வரும். மூலத்தில் பார்த்தால், சிவப்புக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் ஊதா. கதாநாயகன் கன்னத்தில் மட்டும் நெருப்பின் வெளிச்சம் ஒரு கீற்று. அடப்பாவி, இவ்வளவு அழகாகவா வரைந்திருக்கிறாய்! அப்போதே உன் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன், உனக்குத் தலைக்கனம் ஏறிவிடுமே என்று இருந்துவிட்டேன்.

மைக் பிடித்த ஒருவர் பேசினார். உன் ஓவியங்களில் மனிதர்கள் தரையிலேயே நிற்பதில்லையாம். புகையிலும் மூடுபனியிலும் மிதக்கிறார்களாம். மனித வாழ்வின் நிலையாமையை நீ அப்படிக் காட்டினாயாம். உனக்குக் கால் பாதம் வரைய வராது, அதனால்தான் கிடைத்த இடத்தில் எல்லாம் புகை போட்டாய் என்பது அந்தக் கூட்டத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினேன். என் மனைவி தொடையில் கிள்ளினாள்.

இப்போது என் பெயர் விவகாரம். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சீட்டு. 'ஓவியம்' என்று போட்டு உன் பெயர். அதற்குக் கீழே, 'கதை: தெரியவில்லை.' எனக்கு வந்ததே கோபம்! நீ பாட்டுக்கு அட்டையில் கதாநாயகனைக் கடிகாரக் கோபுரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஒரு முதலையைப் படுக்க வைத்து, அந்த முதலைக்கு மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட்டுப் போய்விட்டாய். ஏன்டா கண்ணாடி என்று கேட்டதற்கு, "அந்த இடம் வெறிச்சுன்னு இருந்துச்சு" என்றாய். கோபுரத்துக்குள் முதலை எப்படி வந்தது, அதற்கு ஏன் கிட்டப்பார்வை, இதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்து மண்டை காய்ந்தவன் நான். முதலை மறுபடி எப்போது வரும் என்று வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். நான் தெரியாதவனா? என் மனைவி யாரையும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எல்லாச் சீட்டிலும் அடித்துத் திருத்திவிட்டு வந்தாள்.

அன்றைக்கு யார் வந்திருந்தார் தெரியுமா? உன் பழைய வீட்டுச் சொந்தக்காரர்! குழாயில் தண்ணீர் விடாமல் உன்னைப் பாடாய்ப் படுத்தினாரே, அவரேதான். உன் வில்லன் அத்தனை பேருக்கும் அவருடைய மூக்கைத்தானே வைத்தாய்? மனிதர் வில்லன்களுக்கு முன்னால் நின்று, "முழியே சரியில்லையே, எங்கேயோ பார்த்த ஆளா இருக்கே" என்று தாடையைத் தடவினார். நானும் என் மனைவியும் ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் ஓடினோம்.

ஆனால் அவர்தான் என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார். "வில்லன் இருக்கட்டும். இந்தக் கதாநாயகன் நீங்கதானே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொந்திக்கும் அவன் தோளுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? "காதைப் பாருங்க சார்" என்றார். பார்த்தேன். இடது காது, மேல் நுனி மடங்கி, என் காது. புதைமணலில் முங்குகிறவனுக்கும் என் காது. பீரங்கி வாயில் கட்டுண்டு கிடப்பவனுக்கும் என் காது. மாதத்துக்கு ஒன்றாகக் கையில் வந்தபோது எனக்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டேய், இத்தனை வருஷமாக என்னையாடா கட்டிப் போட்டுக்கொண்டிருந்தாய்? அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உன்னிடம் சொல்ல வேண்டும், இந்த முறை தண்ணீர் தாராளமாகக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உன் மகளின் போன். உன்னிடம் சொல்லச் சிரித்துக்கொண்டே வந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். பல் பிடுங்கப் போய், டாக்டர் வீட்டுப் பின்வாசல் வழியாக ஓடி வந்த ஆள்தானே நீ. பயப்படு, தப்பில்லை. ஆனால் நம் ஆபீஸ் சட்டத்தை மட்டும் மறந்துவிடாதே. பலவர்ண அட்டை முன்கூட்டியே பெரிய அச்சகத்துக்குப் போய்விடும். அதனால் நீ முதலில் அட்டை வரைவாய், அதற்குத் தகுந்தபடி நான் கதை எழுதுவேன். ஒரு தடவை என்னால் ஆகாது என்று கையை விரித்தபோது முதலாளி என்ன சொன்னார்? "அட்டை அச்சாயிடுச்சு. இனிமே கதைதான் வளைஞ்சு கொடுக்கணும்." நீ என்ன சொன்னாய்? "மாட்டி விடறது என் வேலை, மீட்கறது உன் வேலை." எத்தனை குகை, எத்தனை கோபுரம், ஒரு தடவையாவது நம் கதாநாயகனை உள்ளேயே விட்டேனா? அடுத்த மாத அட்டையில் அவன் குதிரை மேல் உட்கார்ந்திருப்பான். அவனை மீட்பதைத் தவிர எனக்கு வேறு வழியே இருக்காது.

ஆகவே ஒன்று செய். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு அட்டை வரைந்து எனக்கு அனுப்பு. பென்சிலில் கிறுக்கினாலும் போதும். என் வீட்டு முன்னறை. ஆடும் காலுள்ள அந்த நாற்காலியில் நீ. எதிரே நான். என் மனைவி தட்டில் டீயோடு, உனக்குச் சர்க்கரை கிடையாது என்று முறைத்துக்கொண்டு. அவளை அழகாக வரை. இத்தனை வருஷத்தில் அண்ணன் என்னை ஒரு அட்டையிலும் போடவில்லை என்று அவளுக்குக் குறை இருக்கிறது. படம் வந்த அன்றே சட்டம் போட்டு மாட்டிவிடுவேன். அதற்குப் பிறகு கதை அங்கே வந்துதானே ஆக வேண்டும்? நீ எப்படி அங்கே வந்து சேர்ந்தாய் என்பதை நான் எழுதிக்கொள்கிறேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

நீ வரைந்து கட்டி, நானே அவிழ்த்துவிட்ட,
உன் கதாநாயகன்.

பி.கு.: முதலை வேண்டாம். இன்னொன்று, இந்தப் படத்திலாவது புகை போடாமல் கால்களை வரைந்துவிடு. கோணலாக வந்தாலும் பரவாயில்லை. உன் இரண்டு பாதமும் என் வீட்டுத் தரையில் இருக்க வேண்டும்.