உன் பெயரில் என் ஒரு மணி எட்டு நிமிடம்

என் பிரியமுள்ள, ஒருநாளும் சொன்ன பேச்சைக் கேட்காத ஜெயாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கவடியாரில் உன் நினைவாக ஓடினோம். நம் ஓட்டக் குழுவின் செயலாளர் பிந்து பெரிய பேனர் அடித்திருந்தாள். அதில் நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாய். கீழே கொட்டை எழுத்தில், 'ஜெயா சேச்சியின் பத்து கிலோமீட்டர்: ஒரு மணி எட்டு நிமிடம். முந்த முடியுமா?' டீ-ஷர்ட்டின் முதுகிலும் அதையே அச்சடித்துவிட்டாள். எனக்கு முன்னால் நின்ற அத்தனை முதுகிலும் அதே எட்டு நிமிடம்.

அது உன் நேரமில்லை, என் நேரம். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு ஒரு ஜீவனுக்கும் தெரியாது. நீ பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாய். ஒரு வருஷமாக இதைக் கட்டிக்கொண்டு அல்லாடுகிறவள் நான்.

இனிமேல் ரகசியம் வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கு வந்திருக்கிற கோபத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

நாம் ஓட ஆரம்பித்ததே போட்டியில்தான். எனக்குச் சர்க்கரை, உனக்குக் கொழுப்பு, இரண்டு பேரையும் நடக்கச் சொன்னார்கள். நடந்தால் போதாதா? மியூசியம் வளாகத்தில் நான் உன்னைத் தாண்டிப் போனேன் என்று நீ ஓட ஆரம்பித்தாய். நீ ஓடினாய் என்று நானும் ஓடினேன். ஸ்ரீவராகத்தில் நம் தெருக்காரர்கள் முதல் மாதம் முழுக்க, "நாத்தனாரும் மன்னியும் எதுக்கு இப்படித் துரத்திண்டு போறா?" என்று உன் அண்ணாவிடம் விசாரித்தார்கள். அவர், "எனக்குத் தெரியாது, நான் ரெண்டு பேர் பக்கமும் இல்லை" என்று பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஆறு வருஷத்தில் யார் பெஸ்ட் என்ற வழக்கு தீரவே இல்லை. நான் ஒரு மணி பன்னிரண்டு என்றால் அடுத்த ரேஸில் நீ பதினொன்று. நீ பதினொன்று என்றால் நான் பத்தரை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற இடத்தில்கூட, "அந்தப் பத்தரை செல்லாது மன்னி, அன்னிக்கு மழை பெஞ்சு ரோடு குளிர்ந்து கிடந்தது" என்பாய். குளிர்ந்த ரோட்டில் நீயும்தானே ஓடினாய்?

அந்தக் கடைசி ரேஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டில் என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? பிப் என்கிற அந்த எண் அட்டையை எல்லோரும் சட்டையில் குத்திக்கொண்டு போவார்கள். உனக்கு மட்டும் அதைச் சுவாமி அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டால்தான் ஆகும். உன் சட்டை, என் சட்டை, இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. உன் அட்டையை உன் சட்டையில் நான் குத்தினேன், என் அட்டையை என் சட்டையில் நீ குத்தினாய், மடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பிள்ளையார் பக்கத்தில் வைத்தாய். "குழம்பிடப் போறதுடி" என்றேன். "சுவாமிக்குத் தெரியும் மன்னி" என்றாய்.

விடியற்காலை அவசரத்தில் ஆளுக்கு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டோம். சுவாமிக்குத் தெரிந்ததோ என்னவோ, அட்டையின் பின்னால் ஒட்டியிருந்த சிப்புக்குத் தெரியவில்லை. என் எண் உன் மேல், உன் எண் என் மேல். கிளம்புகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் அது பாட்டுக்கு எண்ணைப் படித்துப் பெயரைப் போட்டுவிட்டது.

நான் முடித்தபோது என் கடிகாரத்தில் ஒரு மணி எட்டு நிமிடம் இருபது விநாடி. என் ஆயுசில் அப்படி ஓடியதில்லை. வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உனக்காக நின்றேன். இரண்டு நிமிடத்தில் வருவாய் என்று பார்த்தேன். பதினெட்டு நிமிடம் ஆயிற்று.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாய். உதடு வெளுத்திருந்தது. "வயத்தைப் புரட்டித்து, காலம்பற காபி குடிச்சிருக்கப்படாது, சாரமில்ல, சரியாப் போயிடும்" என்றாய். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "வயசாயிடுத்துடி உனக்கு, இனிமே பேசாம என் ஷூவைத் தூக்கிண்டு வா" என்று கேலி பண்ணினேன். அந்த வார்த்தையை இப்போது எழுதவே கை கூசுகிறது.

பாளையத்தில் தோசைக்கு உட்கார்ந்தபோதுதான் என் போனில் மெசேஜ் வந்தது. என் பெயர், ஒரு மணி இருபத்தாறு. சட்டைகளைப் பார்த்தோம், விஷயம் புரிந்தது. பிந்துவைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லலாம் என்று நான் போனை எடுக்கிற நேரத்தில் உன் பெண் வித்யா கூப்பிட்டாள். உனக்குப் பதிவு பண்ணிக் கொடுத்தது அவள்தான், அதனால் உன் மெசேஜ் அவளுக்குப் போயிருக்கிறது. "அம்மா! ஒரு மணி எட்டா!" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

நீ போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய். வைத்ததும், "ரெண்டே வாரம் மன்னி. அவ சந்தோஷப்பட்டுக்கட்டும். அப்பறம் நானே சொல்றேன்" என்றாய். உனக்கு என்னைவிட நல்ல நேரம் உன் பெயரில் இருக்க வேண்டும் என்ற அல்ப ஆசை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். திட்டிக்கொண்டே சரி என்றேன். இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆயிற்று. கேட்டபோதெல்லாம் "நாளைக்கு" என்றாய். நாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாய். இதயத்தில் அடைப்பு, பல மாதமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

பதிமூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு வித்யா என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மாடி ஏறினா அம்மாக்கு மூச்சு வாங்கறதுன்னு நான் கவனிச்சேன் மாமி. டாக்டர்ட்ட வான்னு எத்தனை கெஞ்சினேன்! ரேஸ் முடியட்டும், டைம் மோசமா இருந்தா நீ சொல்றபடி வரேன்னு சத்தியம் பண்ணினா. அப்பறம் பார்த்தா ஒரு மணி எட்டு. பின்னே நான் எந்த வாயை வச்சுண்டு கூப்பிடறது? அவ்வளவு நன்னா ஓடினவளை?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. டாக்டரிடம் போகாமல் தப்பிக்க நீ என் எட்டு நிமிடத்தைக் காட்டியிருக்கிறாய். பாவி, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால்? நான் விட்டிருப்பேனா? தோசையைப் பாதியில் போட்டுவிட்டு உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கமாட்டேனா? அதனால்தான் சொல்லவில்லையோ?

அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த நேரம்தான். அம்மா நன்றாகத்தான் இருந்தாள், யாருக்கும் தெரிய வழியில்லை, தன் மேல் தப்பில்லை. அதை எப்படிப் பிடுங்குவது? வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டதற்குக் கிடைத்த தண்டனையைக் கேள். குழுவில் எல்லோருக்கும் நான் இருபத்தாறுக்காரி. என்னைத் தேற்றுகிறார்களாம். பழையபடி ஓடி, இந்த வருஷம் ஒரு மணி ஒன்பது நிமிடத்துக்கு வந்தேன். அதற்குக் கீழே இறங்கவில்லை. பிந்து பின்னாலேயே வந்து, "விடருது சேச்சி, ஒரு மினிட்டல்லே உள்ளூ!" என்கிறாள். ஒரு நிமிடம்தானே பாக்கி, ஜெயா சேச்சியைப் பிடித்துவிடலாமாம். என்னையே நான் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறேன், கைதட்டு உனக்கு விழுகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு விநாடி விட்டுக்கொடுத்தவளா நீ?

அதையும் பொறுத்திருப்பேன். வித்யா ஓட ஆரம்பித்தாள். அம்மாவின் நேரத்தைத் தொட வேண்டுமாம். கழக்கூட்டத்தில் ஆபீஸ், வீட்டில் குழந்தை, தினம் அத்தனை தூரம் அலைச்சல், அதற்கு நடுவில் இது. ஆறு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். "மெதுவாடி" என்றால், "அம்மா மெதுவாவா ஓடினா?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பின வேகத்தைப் பார்த்ததுமே நானும் பின்னாலேயே விரட்டினேன். வழுதக்காடு ஏற்றத்தில் எட்டிப் பிடித்தேன். ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிளம்பப் பார்த்தாள்.

"மதி, போதும் வித்யா. நில்லு."

"முடியாது மாமி. அம்மா அறுபத்தோரு வயசுல ஒரு மணி எட்டுல ஓடினா. எனக்கு முப்பத்துநாலு. வெக்கமா இருக்கு."

"உங்கம்மா ஒண்ணும் ஒரு மணி எட்டுல ஓடலை!"

பக்குவமாகச் சொல்ல ஒரு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் நடுரோட்டில், எரிச்சலில், போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. சட்டை மாறியது, மெசேஜ் மாறியது, இரண்டு வாரம் கேட்டது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் அழவில்லை. "அப்போ அம்மா எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு மணி இருபத்தாறு."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா தரதரன்னு இழுத்துண்டு போயிருப்பேனே மாமி" என்றாள். ஆட்டோவைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டாள். மூன்று நாள் போனை எடுக்கவில்லை. உன் அண்ணா ஒன்றும் கேட்காமல் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார், மூன்று நாளும். அவர் போட்ட காபியைக் குடிக்க வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தவள் நீ.

புதன்கிழமை சாயங்காலம் வித்யா வந்தாள். உட்காரவில்லை. என் சர்டிபிகேட்டைக் கேட்டாள். பீரோ அடியில் குப்புறப் போட்டிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே இருந்த அந்த இருபத்தாறு நிமிடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முடிச்சு வந்தப்போ அம்மா என்ன சொன்னா? மறைக்காம சொல்லுங்கோ."

உதடு வெளுத்திருந்ததைச் சொன்னேன், நான் கேலி பண்ணியதையும் சொன்னேன். இன்னும் ஒன்று சொன்னேன். மூச்சு திரும்பியதும் நீ முதலில் கேட்டது, "நீ எத்தனை மன்னி?" என்றுதான். எட்டு என்றதும் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டு, "அய்யோ கொள்ளாமே, பேஷ்! ஆறு வருஷமாச்சு உனக்கு!" என்று குதித்தாய். அப்போது யாருக்கும் சட்டை மாறியது தெரியாது. அந்தச் சந்தோஷம் நிஜம். என் பெஸ்ட்டுக்கு உன்னைப்போல் சந்தோஷப்பட்டவர்கள் யாருமில்லை, அது எனக்குத் தெரியும்.

வித்யா அங்கேயே நின்றபடி போனை எடுத்து ரேஸ் நடத்தியவர்களுக்கு எழுதினாள். இரண்டு எண் மாறிவிட்டது, திருத்துங்கள் என்று. போகும்போது சர்டிபிகேட்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். "என் பேர்டி அதுல" என்றேன். "இருக்கட்டும். ஓடினது எங்கம்மா" என்றாள்.

நேற்று பட்டியலை மாற்றிவிட்டார்கள். என் பெயர், ஒரு மணி எட்டு நிமிடம் இருபது விநாடி. ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. உன் அண்ணா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். நான் உன் பெயரைத் தேடினேன். நம் வயதுப் பிரிவில் மேலேயிருந்து கீழே வந்துகொண்டே இருந்தேன். கடைசியில் இருந்தாய். உனக்குக் கீழே யாருமில்லை. நீ இருந்திருந்தால் இதற்கு ஊரைக் கூட்டியிருப்பாய், சண்டை போட்டிருப்பாய், அந்த ரோடு சரியில்லை என்றிருப்பாய். நான் அழுத அழுகையில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். தீரவில்லை ஜெயா. என்மேலும்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை வித்யாவை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். ஓடினால் எல்லாருக்கும்தான் மூச்சு வாங்கும், எனக்கு ஒன்றுமில்லை என்று இப்போதே முணுமுணுக்கிறாள். குரல் அப்படியே உன் குரல். சொல்லிக்கொள்ளட்டும். உன்னை நம்பியதுபோல் அவளை நம்பமாட்டேன். இது நான் உனக்குச் செய்கிற சத்தியம்.

உன் அண்ணாவைக் கட்டிக்கொண்டு வந்து, உன்னோடு ஓடி, உன்னால் ஏமாந்த
உன் மன்னி,
ராஜி