ராத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். உம்மாவுக்கு வேண்டாம். என் கூடப்பிறந்த ராத்தாவுக்கு வேண்டவே வேண்டாம்.

சாச்சி, இன்று பின்னேரம் உம்மா சரக்கு வறுத்தார். ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்ததும் கறி காய்ச்சுவதற்கு. மல்லியும் மிளகும் சூடேறிய வாசம் வந்ததும் நான் வெளியே போய்விட்டேன். முந்தலில் உங்கள் குசினியிலும் இதே வாசம்தான். பள்ளி விடுமுறைக்கு உங்களுக்குத் துணையாக வந்திருந்த நான் சட்டிக்கு மேலே குனிந்து மோந்து பார்த்தேன். “டொக்டராகப் போறன் எண்டாய். இந்த மோப்பத்துக்கு நீ பூனையாத்தான் ஆவாய்” என்று சிரித்தீர்கள்.

அந்தக் கறியை நீங்கள் சாப்பிடவில்லை.

ராத்தா வீட்டிலேயே பிள்ளை பெற நினைக்கிறாள். காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் தீவிலிருந்து கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போட்டில்தான் போக வேண்டும். இப்போது கச்சான் காற்று. களப்புக் கடல் நாள் முழுக்கக் கொந்தளிக்கிறது. அதனால்தான் பிரசவத்துக்கு முன்பே கரைக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கும்படி மிட்வைஃப் மிஸ் சொல்கிறார். ராத்தாவுக்கு மற்றவர் வீட்டில் படுக்கக் கூச்சம். பிரசவ அறைக்குள் உம்மாவை விடமாட்டார்கள் என்ற பயம் வேறு. நேற்று மிஸ் வந்தபோது முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

“ஆஸ்பத்திரியில கத்தினா ஏசுவாங்களாம் மிஸ். எண்ட ஊட்டுல நான் கத்தினா யார் கேக்கிற?”

“நல்லாக் கத்து புள்ள. ஆனா கரைக்கு வந்து கத்து.”

ராத்தாவின் கணவர் மச்சானும் சிரித்துவிட்டார். பிறகு மிஸ் உம்மாவிடம் திரும்பினார். “உங்கட குடும்பத்துல யாருக்காவது பிள்ளை பெத்த நேரம் இரத்தம் கூடப் போயிருக்கா?”

“இல்ல மிஸ்” என்றார் உம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவிக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் மவுத்தானபோது ராத்தாவுக்கு மசக்கை. வாந்தியில் எழும்பக்கூட முடியாமல் படுத்திருந்தாள். முந்தலுக்கு அவளை யாரும் கூட்டிவரவில்லை. பிள்ளை பிறந்து காய்ச்சல் வந்து இறந்துபோய்விட்டீர்கள் என்று அவளிடம் சொன்னார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியின் காதில் இரத்தம் போன கதை விழக்கூடாதாம், விழுந்தால் அவளுக்கும் அப்படியே நடக்குமாம். “அவ பெத்து எழும்பட்டும், அதுக்குப் பொறகு சொல்லுவோம்” என்றார் உம்மா. உம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு இருந்தது ஒரே தங்கச்சி. இன்றும் உங்கள் பேரைச் சொல்ல அவரால் முடிவதில்லை.

ஆனால் ராத்தா என்ன சொல்கிறாள் தெரியுமா? “சாச்சியும் ஊட்டுலதானே லேசாப் பெத்தா. அந்தக் காய்ச்சல் மட்டும் வராட்டி...” உங்களைப் பார்த்துத்தான் அவள் தைரியம் கொள்கிறாள்.

லேசாகத்தான் பெற்றீர்கள். கார் கூப்பிடவே நேரம் இல்லாமல் மகன் பிறந்துவிட்டான். இப்போது அவன் சாச்சாவின் உம்மாவிடம் வளர்கிறான். கவிழ்ந்து படுக்கிறான், கையில் அகப்படுவதை எல்லாம் வாயில் வைக்கிறான். அன்று அவன் பிறந்து அழுததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உங்கள் துணியை மாற்றினார்கள். மாற்றிய துணியும் இரத்தத்தில் நனைந்தது. “அழுக்குப் போகட்டும், நல்லதுதான். உள்ளுக்கு நிண்டாத்தான் மோசம்” என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் ஓம் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் பெற்றபோதும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். நீங்கள் மட்டும் கண் இருட்டுது என்றீர்கள். களைப்பு என்று தேத்தண்ணீர் கொடுத்தார்கள். உங்கள் உதடு வெளுத்ததைக் கண்டு நான் வெளியே ஓடிச் சாச்சாவைக் கூப்பிட்டேன்.

அங்கே ரோட்டு உங்கள் வாசலிலேயே இருந்தது. களப்பும் இல்லை, காற்றும் இல்லை. அப்படியும் நேரம் போதவில்லை. மச்சான் போட்டைத் தயாராக வைத்திருப்பேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. போட்டு நிற்கும். ஆனால் எப்போது ஏற்றுவது என்று யார் சொல்வது? எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண்களும் அழுக்குப் போகட்டும் என்றுதான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன வேனில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. “நீ கண்டதச் சொல்லு. நான் சொன்னா பயத்துல சொல்றன் எண்டுவாங்க” என்றீர்கள். டொக்டரிடம் சொல்லச் சொன்னீர்கள். அங்கே போனபோது சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அது அப்படியே என்னிடம் இருக்கிறது. பள்ளியில் இருந்தாலும் இருக்கிறது, சோறு தின்னும்போதும் இருக்கிறது.

நாளைக் காலை மிஸ் திரும்ப வருகிறார். ராத்தா முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கதையைக் கேட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் பயம்தான், சாச்சி. உம்மா சொன்னதை முழுக்க நம்பாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆனால் உங்களுக்கு அப்படி ஒரு கதையை யாரும் சொல்லவில்லையே. அப்படியும் நடந்ததே.

கதவு தட்டுகிறது.

“முழிப்பாவா இரிக்கிறாய்? திற. எனக்குத் தூக்கம் வருதில்ல.”

ராத்தா. தனியாகத்தான் வந்திருக்கிறாள். சாச்சி, நான் கண்டதை