பதினான்காம் கட்டிலின் எடைக்குறிப்பு

நாள் 1. காலை 9.10. எடை 58.0 கிலோ
நான் எடை பார்க்கும் கட்டில், எண் 14. இடம்: கப்பல் கட்டும் விண்வெளி நிலையம், எலும்பு வார்டு. நிலையம் சுழல்வதால் பூமியில் உள்ள எடையே இங்கும். படுத்திருப்பவர் ஆவுடையம்மாள், 44 வயது, வெல்டர். இடது தொடை எலும்பு முறிவு. நாளை அறுவை சிகிச்சை, அதுவரை வெறும் வயிறு. எடையை அனுப்பிவிட்டேன். இந்தக் குறிப்பு பின்னால் யார் படித்தாலும் அவர்களுக்கு.

நாள் 4. மாலை 6.40. எடை 56.9
அறுவை சிகிச்சை மூன்றாம் முறையாகத் தள்ளிப்போனது. அரங்கு ஒன்றுதான், அவசர நோயாளிகள் முந்திக்கொள்கிறார்கள். காலையில் வெறும் வயிறு உத்தரவு வருகிறது. மாலை ஆறரைக்கு ரத்தாகிறது. சமையலறையை ஆறு மணிக்கே மூடிவிடுகிறார்கள். மெர்லின் சிஸ்டர் இரண்டு பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்தார்.

நாள் 9. பகல் 1.15. எடை 53.8
அழைப்பு மைக்கில் பதிவானது:
"சிஸ்டர், வயிறு காந்துது. ஒரு வாய் கஞ்சியாச்சும் தாங்களேன்."
"இன்னைக்கு கண்டிப்பா ஆபரேஷன்னு சொல்லிருக்காங்கக்கா. குடிச்சா கேன்சல் பண்ணிருவாங்க."
"நேத்தும் இதத்தானம்மா சொன்னீங்க."
எடை குறைகிறதென்று மருத்துவ அலுவலகத்துக்கு எச்சரிக்கை அனுப்பினேன். பதில் இல்லை.

நாள் 15. காலை 10.00. எடை 50.6
எட்டாவது எச்சரிக்கைக்கு மருத்துவ அலுவலகம் பதில் போட்டது: "நோயாளி அட்டையில் எடை 58 என்றே உள்ளது. கட்டிலில் கோளாறு. ஆள் அனுப்புகிறோம்."
கணினியில் அந்த அட்டையைத் திறந்து பார்த்தேன். பதினைந்து நாளும் 58. முந்தைய நாள் எண்ணை அட்டை தானே நகலெடுத்துக்கொள்கிறது. அதற்குக் கீழே தினமும் ஒரு டாக்டர் கையெழுத்து. எனக்குக் கண் கிடையாது. அவள் இடுப்பெலும்பு என்மேல் குத்தும் இடம் நாளுக்கு நாள் கூர்மையாவது மட்டும்தான் தெரியும். கண் உள்ளவர்கள் என்ன கிழித்துக்கொண்டிருந்தார்கள்? ஆத்திரமாக வருகிறது. கட்டிலுக்கு என்ன ஆத்திரம் என்று கேட்பவர்கள் இங்கே வந்து பத்து நாள் படுக்கட்டும்.

நாள் 19. பகல் 11.20. எடை 48.7
டெக்னீஷியன் வந்தார். அவளை இறக்காமலேயே என்னைத் திறந்தார். பதிவு:
"என்ன செய்யுதீயண்ணே?"
"கட்டில் கம்மியா காட்டுதும்மா. சரி பண்றேன்."
"கட்டிலு சரியாத்தான் காட்டுது. எம் ஒடம்பு எனக்குத் தெரியாதா? ஒழுங்கா சோறு தின்னு ரெண்டு வாரமாச்சு. அங்கன போய்ச் சொல்லுங்க."
"அது டாக்டர் பாக்கணும்மா. எனக்குக் கட்டில் மட்டும்தான்."
அட்டையின் 58 தான் சரியென்று வைத்து, இன்று குறையும் 9.3 கிலோவை இனி எப்போதும் கூட்டிக் காட்டும்படி எனக்குள் எழுதினார். மறுக்க எனக்கு வழியில்லை.

நாள் 19. பகல் 11.40. எடை 58.0
பச்சை விளக்கு. பழைய எச்சரிக்கைகள் அத்தனையும் அழிக்கப்பட்டன. அலுவலகத்தின் பதில் ஒரே நிமிடத்தில் வந்தது: "பிரச்சினை தீர்ந்தது. நன்றி."
உங்கள் நன்றியைக் குப்பையில் போடுங்கள்.

நாள் 23. காலை 8.50. எடை 56.4
பொய். 47.1. நெஞ்சில் சளி. இருமப் பார்க்கிறாள், அதற்குக்கூடத் தெம்பில்லை. பதிவு:
"கஞ்சி கொண்டாந்திருக்கேன்க்கா. யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். குடிங்க."
"எறங்க மாட்டேங்குதும்மா."
"ஒரு வாய்க்கா. ஒரே ஒரு வாய்."
அதற்குப் பிறகு மெர்லின் சிஸ்டரின் அழுகை மட்டும்.

நாள் 24. காலை 7.05. எடை 56.3
இறந்துவிட்டாள். அட்டையில் காரணம் நிமோனியா. எடை 58, ஊட்டம் திருப்தி.
திருப்தியாம். பசி என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குள், சமையலறைக்கு அறுபதடி தள்ளி, பசி. எழுதுங்கள்.

நாள் 24. காலை 8.30
அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்மேல் யாரும் இல்லை.
எடை 9.3 கிலோ.