சந்திரம்மாவின் தோள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? இங்கே நானும் பாப்பாவும் சுகம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பயப்படாதே. போன வாரம் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், பாப்பா கன்னத்தில் சின்னச் சின்னக் கீறல்கள். டேகேர் ஆயா சந்திரம்மாவின் வளையல்தான் என்று முடிவு கட்டினேன். பாப்பா அவள் தோளில் ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை கேட்டே விட்டேன். அவள் வெறுங்கையை நீட்டினாள்.

"வளையலைக் காலையிலயே கழட்டி வெச்சிடுவேன் மேடம். நீங்க மொதல்ல அந்த ஆபீஸ் கார்டைக் கழட்டிட்டுக் குழந்தையைத் தூக்குங்க."

ஆமாம் அம்மா. அவசரமாக வாரி அணைக்கும்போது, கழுத்தில் தொங்கும் கார்டின் கிளிப் கீறியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கார்டை இப்போது ஆபீஸ் கேட்டிலேயே கழற்றிவிடுகிறேன். ஆனாலும் இன்று பாப்பா என் இடுப்பில் இருந்தபடி அவளையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

உன் பழைய காட்டன் புடவை இரண்டு அனுப்பேன். சந்திரம்மா கட்டுவதும் அந்த மாதிரிப் புடவைதான். ஒன்றைக் கட்டிக்கொண்டு பாப்பாவைத் தூக்குவேன். இன்னொன்றைத் துவைக்காமல் அனுப்பு, அது எனக்கு.

பாப்பா எழுந்துவிட்டாள், போகிறேன்.

உன் ரூபினி