பார்மேட்டர் மடித்த வரிகளும் சுகுணாவின் வேலையும்

அனுப்புநர்:
க. ரகுநாத்,
ஒப்பந்த இணையப் பணியாளர்,
இலுப்பூர், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
மீனவர் வானிலை அறிவிப்பு இணையதளத் திட்டம்,
புதுக்கோட்டை.

பொருள்: பாராட்டுக்கு நன்றி கூறுதலும், அது உரியவருக்குப் போய்ச் சேராதது பற்றிய புகாரும்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். சென்ற வாரக் கூட்டத்தில் எனக்குச் சால்வை அணிவித்து, ஒப்பந்தத்தையும் நீட்டித்தீர்கள். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. தங்களுக்கு மனமார்ந்த நன்றி. ஆனாலும் அந்தச் சால்வையை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. காரணத்தைப் பணிவுடன் எழுதுகிறேன்.

1. நம் இணையதளத்தின் எழுத்தளவையும் நிறத்தையும் தீர்மானிக்கும் ஸ்டைல்ஷீட்டை எழுதியவர் என்னுடன் பணிபுரியும் செல்வி சுகுணா. கோட்டைப்பட்டினத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் சேவுகன் அவர்களின் மகள். உச்சி வெயிலில், ஈரக் கையில் பிடித்த சின்ன போனிலும் காற்று எச்சரிக்கை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, கரைக்கே போய்ப் பார்த்துப் பார்த்துத் திருத்தியவர்.

2. அந்த ஸ்டைல்ஷீட்டில் ஒவ்வொரு விதியையும் ஒரே நீள வரியாக எழுதுவது அவர் வழக்கம். வரி திரையைத் தாண்டி ஓடும். கோப்புகள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று தாங்கள் ஆணையிட்டது சரியே, அதற்கும் நன்றி. ஆணைப்படி, வரிகளைத் தானாகவே சீராக அடுக்கும் பார்மேட்டர் என்ற மென்பொருளை ஓட்டியவன் நான். ஒரு பொத்தானை அமுக்கியதோடு என் வேலை முடிந்தது. அது நீள வரிகளையெல்லாம் அரைப்புள்ளி கண்ட இடத்தில் மடித்து, வரிக்கு ஒரு கட்டளையாக அடுக்கிவிட்டது. படிக்கச் சுகமாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு நிறம்கூட மாறவில்லை.

3. வினை இங்கேதான். கோப்பில் யார் எதை மாற்றினார் என்று கணினி குறித்துவைக்கும் மாற்றப் பதிவு, ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைத்தான் காட்டும். மடித்த வரியெல்லாம் என் பெயருக்கு வந்துவிட்டது. பணி மதிப்பீட்டுக்கு அலுவலகம் அதையே எடுத்துக்கொண்டதால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அத்தனை உழைப்பும் என்னுடையதாயிற்று. சுகுணாவுக்கோ ‘பங்களிப்பு இல்லை’ என்று குறிப்பு. மாத இறுதியோடு அவருக்கு வேலை இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அம்மா.

4. செய்தி தெரிந்தும் அவர் என்மேல் கோபப்படவில்லை. “விடுங்கண்ணே, எங்கப்பா கண்ணுக்கு எழுத்து தெரியுதுல்ல, அது போதும்” என்றார். அவருக்குப் போதும், எனக்குப் போதவில்லை.

பார்மேட்டர் செய்த அந்த மாற்றத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, எழுதியவர் பெயரைப் பார்க்கும் வசதி அதே மாற்றப் பதிவில் உண்டு. தாங்கள் நேரம் கொடுத்தால் நேரில் வந்து திறந்து காட்டுகிறேன். பார்த்தபின் சுகுணாவின் ஒப்பந்தத்தை நீட்டித்து உத்தரவிட வேண்டுகிறேன். என் பேச்சையும் தாங்கள் காது கொடுத்துக் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதத் துணிந்தேன்.

இருப்பது ஓர் இடம்தான் என்றால், அதை அவருக்கே கொடுங்கள். நாளை புயல் நேரத்தில் அந்த எச்சரிக்கை திரையில் தெரியாமல் போனால், எந்த வரியைத் தொட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது.

என்றும் நன்றியுடன்,
(ஒப்பம்)
க. ரகுநாத்

இடம்: இலுப்பூர்
நாள்: 14.08.2025