தேடிய ராணியின் கோயில்

ஆடி, இரண்டாம் வெள்ளி. கண்டாவளை.

கனடாவிலிருந்து வந்திருக்கும் மகள் சுமதி, வழியில் எகிப்தில் இறங்கி ஒரு பழங்காலத்து அம்மன் கோயிலுக்குப் போனாளாம். மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள்.

"செருப்பைக் கழட்டினனியோ?" என்று கேட்டேன்.

"அங்க ஒருத்தரும் கழட்டிறேல்லை அம்மா. நான் மட்டும் கழட்டினனான். கால் வெந்துபோச்சு."

"விளக்கு, பூசை?"

"ஒண்டும் இல்லை, தூண்கள்தான். ஆனா அவா, வெட்டி ஆத்தில எறிஞ்ச புருசனைத் தேடின அம்மன். ஆறு முழுக்கத் தேடித் துண்டு துண்டாக் கண்டெடுத்தவா. அப்பாவுக்காகத்தான் போனனான்."

என் கணவர் யுத்தத்தின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அத்தோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"பூசையில்லாத இடத்தில கும்பிட்டு அப்பாவுக்கு என்ன வரப்போகுது?" என்றேன்.

"அவா ராணி, அம்மா. ராணியே இறங்கித் தேடினவா. நீங்கள் ஒருநாளெண்டாலும் அப்பாவின்ர படத்தோட அந்தக் கொட்டிலில இருந்தனீங்களோ?"

காணாமல் போனவர்களைக் கேட்டுப் பெண்கள் வீதியோரம் போராட்டம் இருக்கும் கொட்டிலைச் சொன்னாள். பக்கத்து வீட்டுச் செல்வி மூன்று முறை வந்து, "ரீச்சர், நீங்களும் வாங்கோ" என்று கூப்பிட்டாள். வெயில் ஒத்துவராது என்று சொல்லி அனுப்பினேன். இன்று மகளுக்கும் அதையே சொன்னேன். அவள் என் சாப்பாட்டுக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

வெயில் காரணமில்லை. நான் படிப்பித்த ஊரார் முன்னால் பாயில் இருந்து அழ வெட்கப்பட்டேன். அவருடைய படம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. செல்வி முதல்முறை கூப்பிட்ட கிழமையே அதற்குச் சட்டம் போடுவித்தேன். போவதற்கென்றுதான் போடுவித்தேன்.